தீவிரவாத பிரச்சாரத்தை எப்படி ஆராய்ச்சி பண்றாங்க: புதுச்சேரி ஒருநாள் வொர்க்‌ஷாப் ரிவ்யூ

ரேட்டிங் மொதல்ல சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. கொறைச்ச ஒண்ணு ஏற்பாட்டுக்கு, கிளாஸுக்கு இல்ல. மிஷன் வீதி பக்கத்துல ஒரு மாடில நடந்துச்சு, ஃபீஸ் 700 ரூபா, மதிய சாப்பாடு உண்டுன்னு போன்ல சொன்னவங்க அங்க போனதும் டீ மட்டும்தான்னு கைய விரிச்சிட்டாங்க, கடலூர்லேந்து காலைல பஸ் ஏறி வந்தவனுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. ஏசி வேற ஓடல.

ஆனா கிளாஸ் எடுத்த மேடம் செம. ரத்தம் துப்பாக்கின்னு போட்டு பயமுறுத்துற வேலையே இல்ல, ஒரு வீடியோ கூட ஓட்டல. ஒரிஜினலை நாமளே போட்டுக் காட்டுனா அவங்க வேலைய நாம செஞ்ச மாதிரி ஆயிடும், அதையே பாத்துட்டு இருக்குற ஆராய்ச்சியாளருங்களுக்கு மனசும் கெட்டுப்போகுதுன்னாங்க. அதனால எழுத்துல வர்ணிச்ச சீட்டுங்கதான் கைல குடுத்தாங்க. ஐஎஸ் (இஸ்லாமிக் ஸ்டேட்) தீவிரவாத அமைப்போட பிரச்சாரத்தை சார்லி வின்ட்டர்னு ஒரு ஆய்வாளர் ஆறு தலைப்பா பிரிச்சிருக்காரு: கொடூரம், கருணை, நாங்க பாதிக்கப்பட்டவங்க, போர், நம்ம கூட்டம், சொர்க்கம் மாதிரி வாழ்க்கை. ஒவ்வொரு சீட்டும் எதுல வரும்னு நாம டிக் பண்ணணும்.

எனக்கு வந்த சீட்டுல ஆத்தோரம் நாலு பேரு சிரிச்சிக்கிட்டே மீன் பிடிக்கிறாங்க. நான் 'நம்ம கூட்டம்'னு போட்டேன், பக்கத்துல இருந்த ரிட்டயர்டு பேங்க் சார் 'சொர்க்க வாழ்க்கை'ன்னு போட்டாரு, ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல. மேடம் வந்து, இந்த சண்டைதான் வேணும், ஒருத்தரை ஒருத்தர் பாக்காம ரெண்டு பேரு பிரிச்சு எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு கணக்கு எடுப்பாங்க, கம்மியா வந்தா விதியவே திருத்தி எழுதணும்னாங்க. வின்ட்டர் 2015ல ஒரு மாசம் ஐஎஸ் வெளியிட்டதை எல்லாம் சேத்து 1,146 எண்ணியிருக்காரு, அதுல பாதிக்கு மேல சந்தை, பேக்கரி, ஆஸ்பத்திரின்னு சாதா வாழ்க்கை, கொடூரம் கொஞ்சூண்டு தான். நம்ம டிவில வந்தது மட்டும் அந்த கொஞ்சூண்டு. வெளியாளுக்கு பயம், சேர வர்றவனுக்கு வீடு வாசல்னு ஆளுக்கேத்த சரக்கு.

அடுத்து ஆப்பிரிக்கால இருக்குற ருவாண்டா, 700 ரூபா இதுக்கே சரியாப்போச்சு. 1993ல ஆரம்பிச்ச ஆர்டிஎல்எம்னு ஒரு ரேடியோ, பாட்டு, ஜோக்குன்னு ஜாலியா போய் ஜனம் கேக்க ஆரம்பிச்சப்புறம் அங்க சிறுபான்மையா இருந்த டுட்சி இன மக்களை கரப்பான்பூச்சின்னு சொல்லி, அவங்கள குறிவச்சு நடந்த 1994 படுகொலைல கொல்ல வேண்டிய ஆளுங்க பேரயே ரேடியோல படிச்சிருக்கானுங்க. சரி, ரேடியோ கேட்டுதான் கொன்னானா, இல்லன்னாலும் கொன்னிருப்பானா, எப்படி கண்டுபிடிக்கிறது? செஞ்சி பக்கம் மலைக்குப் பின்னால போனா எஃப்எம் கரகரன்னு ஆகுமே, அதேதான், ருவாண்டா பூரா மலை. டேவிட் யனகிசாவா-ட்ராட்டுன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் சிக்னல் எட்டுன ஊரையும் மலை மறைச்ச ஊரையும் ஒப்பிட்டு, நடந்த வன்முறைல சுமார் 10 சதவீதம் ரேடியோவால வந்ததுன்னு 2014ல எழுதுனாரு. இதோட நிறுத்தாம எதிர்ப்பேச்சையும் சொன்னாங்க பாருங்க, அதான் பிடிச்சது. ஸ்காட் ஸ்ட்ராஸ்னு இன்னொரு ஆய்வாளர் ஜெயில்ல இருந்த கொலையாளிங்க கிட்டயே பேசிட்டு, ரேடியோவ விட உள்ளூர் ஆளுங்க நேர்ல வந்து கெளப்பிவிட்டது தான் பெருசுங்கிறாரு.

மத்தியானத்துக்கு மேல இழுவை. 1937ல அமெரிக்காவுல பிரச்சாரத்த பத்தி ஆராய ஆரம்பிச்ச அமைப்பு, அவங்க சொன்ன ஏழு தந்திரம்னு ஸ்லைடு ஸ்லைடா போச்சு, பாதி பேரு போன நோண்டிட்டு இருந்தோம். ஸ்லைடு எல்லாம் இங்கிலீஷ் வேற.

எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல வர்ற வெறுப்பு ஃபார்வர்டை எப்படி ஆராயறதுன்னு கேட்டேன். பொதுவுல கெடக்குறத எண்ணலாம், மூடுன குரூப்புக்குள்ள சொல்லாம நுழைஞ்சு எடுக்குறது தப்பு, அதனாலயே அந்தப் பக்கம் ஆராய்ச்சி கம்மின்னு ரெண்டே வரில முடிச்சிட்டாங்க. நான் போனதே அதுக்குத்தான், ஒரு மணி நேரமாவது அதுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

டீச்சருங்க, நியூஸ் சேனல்ல வேலை செய்றவங்க கண்டிப்பா போங்க. பன்னெண்டாவது படிக்கிற பசங்களையும் கூட்டிட்டு போலாம், மோசமா எதுவும் காட்டல. சாப்பாடு மட்டும் கட்டி எடுத்துட்டு போயிடுங்க.