டெபியன் களஞ்சியங்கள்: வடிவமைப்புக் கணினிக்கு எவை போதும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அழைப்பிதழ் வடிவமைக்கும் எனக்கு, முகூர்த்த மாதத்தில் கணினி முரண்டு பிடித்தால் பிழைப்பு கெட்டுவிடும். அதனால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் ஸ்டேபிள் (நிலையான) களஞ்சியமே, அதாவது மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் கிடங்கே, என் அடித்தளம். பெரும்பாலான மென்பொருள்களின் பதிப்பு எண் அங்கேயே நிற்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தவறாமல் வருகின்றன. கிழடு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பேக்போர்ட்ஸ் என்ற கூடுதல் களஞ்சியம். அடுத்த டெபியனுக்காகத் தயாராகும் சோதனைக் கிளையிலுள்ள புதிய பதிப்புகளை ஸ்டேபிளுக்கு ஏற்ப மறுபடி தொகுத்துத் தருகிறார்கள். முகவரியைச் சேர்த்துவிட்டாலும், நாம் குறிப்பிட்டுக் கேட்காதவரை எதுவும் அங்கிருந்து வந்து நுழையாது. அழைத்தால் மட்டும் வரும் விருந்தாளி. இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலின் புதிய பதிப்பை இங்கிருந்துதான் எடுத்தேன்.

படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப் மட்டும் எனக்குப் புத்தம் புதிதாக வேண்டும், அதற்கு ஃபிளாட்ஹப் என்ற செயலிக் களஞ்சியம். இயங்குதளத்தின் தொகுப்புகளைத் தொடாமல் தனியாக நிறுவிக்கொள்கிறது. ஆனால் முதல் செயலியோடு, அது இயங்கத் தேவையான அடிப்படைக் கோப்புகளான ரன்டைமும் சேர்ந்து இறங்குவதால் வட்டில் கணிசமான இடம் போய்விடுகிறது. பழைய மடிக்கணினிக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸுக்கான பிபிஏக்களை (தனிநபர்களோ குழுக்களோ நடத்தும் களஞ்சியங்களை) டெபியனில் சேர்க்கச் சொல்லும் நண்பர்களிடம் காபி மட்டும் வாங்கிக் குடிக்கிறேன், யோசனையை அல்ல.