மோட் ஃபைலைப் பூட்டித் தருகிறேன் என்று 480 வெள்ளியைச் சுருட்டிவிட்டான், கவனமாக இருங்கள்

நேற்று ராத்திரிதான் முழுசாகத் தெரிந்தது. இன்னும் கோபம் தணியவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும்.

சிங்கப்பூர் ஈசூனில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர், அதாவது எல்லாரும் இணைந்து விளையாடும் பொதுக் கணினி, நடத்துகிறோம். அதில் ஓடும் கடை மோட், அதாவது விளையாட்டுக்குள் ஒரு கடையைச் சேர்க்கும் கூடுதல் நிரல், நான் எழுதியது. மோட் இருக்கும் ஜார் ஃபைல் என்பது ஜிப்தான், பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய மூட்டை, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். இரண்டு பேர் உள்ளே இருந்த விலைப் பட்டியலை மாற்றி வைரத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், சின்னப் பிள்ளைகள் அழாத குறை. இதைத் தடுக்க, ஃப்ரீலான்ஸ் ஆள் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் ஒருவனைப் பிடித்தேன்.

போனில் நல்ல தமிழில் பேசினான். "அண்ணே, நம்ம ஆளுக்கு நான் தப்பா செய்வேனா? தளம் வழியா கட்டுனா கமிஷன் புடிச்சுக்குவாங்க, பேநவ்ல போட்டுடுங்க." பேநவ் என்றால் போன் எண்ணுக்கே நேராக வங்கிப் பணம் அனுப்புவது. அந்த 'நம்ம ஆள்' என்ற வார்த்தையில்தான் விழுந்தேன். தேக்கா மார்க்கெட்டில் அம்மாவோடு நின்றபடி, மீன்காரர் மீனை வெட்டி முடிப்பதற்குள் 480 வெள்ளியை அனுப்பிவிட்டேன்.

மூன்று நாளில் ஒரு செக்கர், அதாவது ஃபைலை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்கும் நிரல், வந்தது. விளையாடுபவர் கணினியில் ஓடும், ஒவ்வொரு ஃபைலின் எம்டி5 ஹாஷையும் (ஃபைலில் உள்ளதை வைத்துக் கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பச்சை டிக் காட்டும். அக்கா மகனிடம் கொடுத்து, உடைத்துப் பாருடா என்றேன். அந்தப் பட்டியல் அதே ஃபோல்டரில் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடந்தது! வைரத்தின் விலை 40, அதை 1 ஆக்கினான், புது ஹாஷை எடுத்துப் பட்டியலில் ஒட்டினான், செக்கரை ஓட்டினான். பச்சை டிக். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா 480 வெள்ளி?

கேட்டால் முதலில் "பாக்குறேண்ணே". அப்புறம் ஊருக்குப் போயிருக்கிறானாம். அப்புறம் "அது உங்க சர்வர் கோளாறு". இப்போது என் எண்ணையே பிளாக் செய்துவிட்டான். தளத்தில் புகார் கொடுத்தால், வெளியே கட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரி பதில், அதோடு புகாரை மூடிவிட்டார்கள். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும், ஆனால் வழக்குப் போட எதிராளியின் விலாசம் வேண்டுமே, என்னிடம் இருப்பது ஒரு போன் நம்பர்தான்.

உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். தளத்துக்கு வெளியே காசு கட்டாதீர்கள். பூட்டித் தருகிறேன் என்பவனிடம், சரிபார்ப்பது எங்கே நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். விளையாடுபவர் கணினியில் என்றால், அந்தச் செக்கரையே அவர் மாற்றிவிடலாம், எம்டி5 இருந்தாலும் வேறெது இருந்தாலும் அதே கதிதான். விலை, பணம், பொருள் கணக்கு எல்லாம் சர்வரில் இருக்க வேண்டும், அங்கிருந்து வரும் கணக்கை மட்டும்தான் நம்ப வேண்டும். என் மோட் விலையை விளையாடுபவர் பக்கமே கணக்குப் போட்டது, ஓட்டை அங்கேதான். வேலை தெரிந்தவன் இதை முதல் நாளே சொல்லியிருப்பான், காசுகூட வாங்கியிருக்க மாட்டான்.

பிள்ளைகள் சர்வர் எப்போது திறக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விலைப் பட்டியலை சர்வருக்கு மாற்ற இப்போதுதான் உட்காருகிறேன்.