நடுக்காது நீர்: சிரப்புக்கு எத்தனை நட்சத்திரம், க்ரோமெட்டுக்கு எத்தனை?

மகளுக்கு ஐந்து வயது. இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர். வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. டிவி சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

முதலில் பார்த்த கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக், அலர்ஜி சிரப், மூக்குச் சொட்டு மருந்து என்று ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். இதற்கு ஒரு நட்சத்திரம்கூடத் தர மனமில்லை. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குக் காற்று கொண்டுபோகும் குழல் சரியாகத் திறக்காததால் தேங்கும் நீர் இது. ஆன்டிபயாட்டிக், அலர்ஜி மருந்து, ஸ்டீராய்டு எதுவும் இதற்கு வேண்டாம் என்றுதான் அமெரிக்க ஈஎன்டி மருத்துவர்களின் 2016 வழிகாட்டுதலும் சொல்கிறது. சிரப் குடித்துப் பிள்ளை பகலெல்லாம் தூங்கி வழிந்ததுதான் மிச்சம்.

அடுத்த டாக்டர் மருந்துச் சீட்டே எழுதவில்லை. காதில் ஒரு முனையை வைத்து, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி சோதனை எடுத்தார். கூம்பு மாதிரி ஏறி இறங்க வேண்டிய கோடு தட்டையாகக் கிடந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே வற்றிவிடும், 3 மாதம் பொறுங்கள் என்றார். அதுவரை முகம் பார்த்துப் பேசச் சொன்னார், வகுப்பில் முன்வரிசை கேட்கச் சொன்னார். சும்மா இருப்பதற்கா ஃபீஸ் என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். எனக்கென்னவோ இதற்குத்தான் ஐந்து நட்சத்திரம்.

எங்களுக்கு வற்றவில்லை. கோடு அதே தட்டை, கேட்கும் திறன் சோதனையிலும் குறைவு. சரி, ஆபரேஷன். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் வீங்கியிருந்ததால் அதையும் சேர்த்தே எடுத்தார்கள். முழு மயக்கம் கொடுத்து, செவிப்பறையில் சின்னக் கீறல் போட்டு, பசையாக இருந்த நீரை உறிஞ்சிவிட்டு, நடுக்காதுக்குக் காற்று போக மிளகைவிடச் சின்னதான ஒரு குழாயை, அதாவது க்ரோமெட்டை, அந்தக் கீறலில் வைத்தார்கள். மயக்க மருந்தை நினைத்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காது வேலை என்னவோ சீக்கிரமே முடிந்துவிட்டது. மறுநாள் மிக்ஸி போட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஏம்மா இவ்ளோ சத்தமா அரைக்கிற?" என்றாள்.

ஆனாலும் க்ரோமெட்டுக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். சளி பிடித்தபோது காது ஒழுகியது. ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்திலேயே நின்றது. க்ரோமெட் பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களில் தானாக விழுந்துவிடும். அப்புறம் நீர் திரும்பவும் சேரலாம், சிலருக்குச் செவிப்பறை ஓட்டை மூடாமலும் போகலாம். இதையெல்லாம் கையெழுத்து வாங்கும் நேரத்தில் அவசரமாகச் சொன்னார்கள். முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

கேட்கும் திறன் சோதனை செய்யாமலே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால், அந்தச் சோதனையை முதலில் கேளுங்கள்.