லெப்டொப்பில் நான்கு சீரியல் போட்: மலையேற்றப் பந்தய நேரக்கணிப்பில் நீண்டகாலப் பாவனை

இப்போது கடையில் கிடைக்கும் லெப்டொப்களில் சீரியல் போட்டை, அதாவது தரவைப் பிட் பிட்டாக அனுப்பும் பழைய 9 கால் இணைப்பை, காண்பது அரிது. நேரக்கணிப்புக் கருவிகளோ அந்தப் போட்டின் தரமான ஆர்.எஸ்.-232ஐ இன்னும் விடவில்லை. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மாகஸ்தோட்டைப் பந்தயத்தைப் போல, தேயிலை மலைக்கு நடுவே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒவ்வொன்றாக ஏறும் போட்டிக்கு மேசையில் மூன்று போட்டாவது வேண்டும். நேரக்கருவிக்கு ஒன்று, முடிவுக்கோட்டு நேரப்பலகைக்கு ஒன்று, சீட்டு அடிக்கும் பிரிண்டருக்கு ஒன்று. நான்காவதை மாற்று நேரக்கருவிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

தனித்தனி யூ.எஸ்.பி.-சீரியல் வயர் நான்கை ஒரு ஹப்பில் செருகினால் விலை குறையும். ஆனால் செருகும் இடங்கள் கூடக்கூட அசையும் இடங்களும் கூடும். பல பருவங்கள் பாவித்த பிறகு நாங்கள் பரிந்துரைப்பது எஃப்.டி. 4232எச் சிப் உள்ள நான்கு போட் உலோகப் பெட்டி. லெப்டொப்புக்குப் போவது ஒரே வயர், நான்கு போட்டும் எப்போதும் ஒரே வரிசையில் வரும். பழைய பி.எல். 2303 சிப் உள்ள மலிவு வயர்கள் வேறு வேலைக்கு உதவலாம். ஆனால் அவற்றில் பழைய வகைகளைப் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்காது, ‘கோட் 10’ என்ற பிழையைக் காட்டி நிறுத்திவிடும். பந்தயத்தன்று காலையில் அதைக் காண யாரும் விரும்பமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைத் தீர்க்க வேண்டும். நேரத்தை முத்திரையிடுவது எது, நேரக்கருவியா, லெப்டொப்பா? கார் கோட்டைக் கடக்கும்போது ஒளிக்கற்றை வெட்டுப்படும் கணத்தை நேரக்கருவி தன் படிகக் கடிகாரத்தால் பதிந்து, எண்ணாக அனுப்பினால் போட் தாமதித்தாலும் முடிவு மாறாது. கற்றையின் சமிக்ஞையை நேரே போட்டின் சி.டி.எஸ். என்ற சமிக்ஞைக் காலில் இணைத்து லெப்டொப்பை நேரம் பார்க்க விட்டால்தான் சிக்கல். யூ.எஸ்.பி. வழியும் விண்டோஸும் அந்தச் சமிக்ஞையைத் தாமதித்தே தருகின்றன. மணிக்கு 72 கிலோமீற்றரில் வரும் கார் ஒரு செக்கனில் 20 மீற்றர் ஓடும். 10 மில்லிசெக்கன் தாமதித்தால் 20 சென்ரிமீற்றர். தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால் கழித்துச் சரிசெய்யவும் முடியாது. நூறில் ஒரு செக்கனில் இடம் மாறும் போட்டியில் இது ஓட்டுநருக்குச் செய்யும் அநியாயம். அந்த முறையை நாங்கள் ஏற்பதில்லை.

ஒவ்வொரு போட்டுக்கும் விண்டோஸ் கொடுக்கும் ‘கொம்’ எண்ணை ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை. டிவைஸ் மெனேஜரில் போட்டை வலது கிளிக் செய்து, ப்ரொபர்ட்டீஸ், போட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் என்று போங்கள். எண்ணைக் கொம் 3 முதல் கொம் 6 வரை கொடுங்கள். பழைய நேரக்கணிப்பு மென்பொருள் பலவற்றுக்குக் கொம் 9க்கு மேல் கண் தெரியாது. விரும்பிய எண் ‘பாவனையில்’ என்று காட்டினால், முன்பு செருகிய ஏதோ ஒரு வயர் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரிவதை நீக்கினால் எண் விடுபடும். அதே பக்கத்தில் சிறு தரவுகளைத் தேக்கி வைக்கும் நேரமான லேட்டன்சி டைமரை 16 மில்லிசெக்கனிலிருந்து 1 ஆக்குங்கள். பெட்டியில் சீரியல் இலக்கம் பதிந்திருந்தால் எந்த யூ.எஸ்.பி. துளையில் செருகினாலும் எண் மாறாது. இல்லையென்றால் துளை மாற எண்ணும் மாறும். எதற்கும் ஒரு துளைக்கு நிறநாடா ஒட்டி அதிலேயே செருகுங்கள்.

அந்தப் பக்கத்திலேயே ‘சீரியல் எனுமரேட்டர்’ என்ற தெரிவையும் எடுத்துவிடுங்கள். நேரக்கருவி தொடர்ந்து தரவு அனுப்பிக்கொண்டிருக்கும்போது லெப்டொப்பை இயக்கினால், விண்டோஸ் அதைப் பழைய சீரியல் மவுஸ் என்று எண்ணிக்கொள்ளும். அம்புக்குறி திரையெங்கும் துள்ளிக் கண்டதையெல்லாம் கிளிக் செய்யும். வைரஸ் என்று பயந்து லெப்டொப்பையே மாற்றுகிறவர்கள் உண்டு.

பவர் ஒப்ஷன்ஸில் யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். மூடுபனி இறங்கிப் போட்டி அரை மணி நேரம் தடைப்படும்போதுதான் போட் தூங்கிப்போகும். தொடர்பு ஒரு கணம் அறுந்தாலும் மென்பொருள் தானாக மீளாது, போட்டை மூடித் திறக்க வேண்டும்.

வயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். யூ.எஸ்.பி. வயர் 5 மீற்றரைத் தாண்டக்கூடாது, 1.5 மீற்றரே போதும். ஆர்.எஸ்.-232க்கு 15 மீற்றர் என்பது பழைய கணக்கு. அதற்கு அப்பால் நேரப்பலகை இருந்தால் நீண்ட தூரத்துக்கான ஆர்.எஸ்.-485 தரத்துக்கு மாற்றும் கருவியை வைத்து, முறுக்கிய சோடி வயரில் கொண்டுபோங்கள்.

நேரப்பலகை ஒரு ஜெனரேட்டரிலும் லெப்டொப் வேறோர் இணைப்பிலும் ஓடும்போது இரண்டின் நிலத்தொடுப்புக்கும் வித்தியாசம் இருக்கும். அது சீரியல் வயரின் 5ஆம் கால் வழியாகப் பாய்ந்து போட்டை எரித்துவிடலாம். ஏப்ரல் பிற்பகல்களில் மலைநாட்டில் இடி வேறு. ஆகவே நேரப்பலகைப் பக்கம் ஒளிப்பிரிப்பு (மின்தொடர்பின்றி ஒளியால் தரவைக் கடத்துவது) உள்ள மாற்றிதான். லெப்டொப்பைப் பற்றரியில் ஓட்டினால் இன்னும் பாதுகாப்பு. முழக்கம் நெருங்கினால் போட்டி நிற்கட்டும், நீண்ட வயர்களைக் கழற்றுங்கள்.

அதிகம் பழுதாவது சிப் அல்ல, 9 கால் பிளக்கின் பக்கத் திருகுகள். வயரைக் கழற்றும்போது பெட்டியில் இருக்கும் அறுகோண நட்டும் சேர்ந்து வந்துவிடும். வாங்கிய அன்றே 5 மில்லிமீற்றர் சாவியால் இறுக்கி, ஒரு துளி திருகுப் பசை விடுங்கள்.

காலையில் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பெண் பிளக்கில் 2ஆம், 3ஆம் கால்களை ஈயத்தால் இணைத்து வைத்திருங்கள். அதை ஒவ்வொரு போட்டிலும் மாட்டி, ‘புட்டி’ (PuTTY) என்ற மென்பொருளில் 9600, 8, பரிட்டி இல்லை, 1 என்று அமைத்து எழுத்தைத் தட்டினால் அதே எழுத்து திரும்பி வர வேண்டும். அது வந்தும் நேரக்கருவியின் தரவு வரவில்லையென்றால், அநேகமாக வயரில் 2ஐயும் 3ஐயும் குறுக்காக மாற்ற வேண்டியிருக்கும்.

மாலையில் குளிர்ந்த பெட்டியை நேரே சூடான அறைக்குள் திறந்தால் உள்ளே நீர் படியும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் மூடி, இரவு முழுக்க அப்படியே வைத்துவிட்டுக் காலையில் திறவுங்கள்.