ஃப்ளைலேடி முறை வேலூர் வீட்டுக்கு ஒத்துவருமா?

வீட்டை ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொல்லும் சேவைகள் பெருகிவிட்டன. ஆட்களை அனுப்பி, அலமாரிகளை ஒரே நாளில் காலி செய்து, பெயர் ஒட்டிய டப்பாக்களை அடுக்கிவிட்டுப் போவது அவற்றில் பெரும்பாலானவற்றின் வழக்கம். அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த மார்லா சில்லி 1999ஆம் ஆண்டு தொடங்கிய ஃப்ளைலேடி என்ற வீட்டுப் பராமரிப்பு முறை இதற்கு நேரெதிரானது. யாரும் வீட்டுக்கு வருவதில்லை. இணையம் வழியாக நாள்தோறும் இதைச் செய், இவ்வளவு நேரம் மட்டும் செய் என்று ஒரு சிறு வேலை சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். செயற்கைப் பூச்சி கட்டிய தூண்டிலை வீசி மீன் பிடிக்கும் ‘ஃப்ளை ஃபிஷிங்’ கலையை மார்லா கற்றுக்கொடுத்தவர் என்பதால் அமைந்த பெயர் அது. வீட்டு வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடிப்படைப் படிகள் அனைத்தையும் காசு கொடுக்காமலேயே படித்துப் பின்பற்றலாம். மாமியார், கணவர், படிக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் சேர்ந்து வாழும் எங்கள் வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் இதைப் பல மாதங்களாகப் பின்பற்றி வருகிறேன். பொருட்களைப் பிரித்தெடுக்க வைப்பதில் இந்த முறைக்கு நிகரில்லை என்பதும், பிரித்தெடுத்தவை வீட்டை விட்டு வெளியேறும் வழியை மட்டும் நம் ஊருக்கேற்ப நாமே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் என் கருத்து.

தொடக்கக்காரர்களுக்கு 31 சிறு படிகள் உள்ளன. முதல் படி, சமையலறை சிங்க்கைப் பளபளக்கச் செய்து, இரவில் அதில் ஒரு பாத்திரமும் இல்லாமல் படுக்கப் போவது. வீடு முழுவதும் அலங்கோலமாக இருந்தாலும், காலையில் கண்விழித்ததும் ஓரிடமாவது முடிந்த வேலையாகக் கண்ணில் பட வேண்டும் என்பது இதன் நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் நம் பக்கத்தில் பல வீடுகளில் இரவுப் பாத்திரங்களை சிங்க்கில் போட்டு வைப்பது சோம்பலால் அன்று. காலையில் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மா வருகிறார் என்பதால். அவர் வரும்வரை பாத்திரங்கள் எங்காவது இருந்தாக வேண்டும். பின்கட்டுக் குழாயடியில் ஓர் அகன்ற டப்பை வைத்து, எச்சிலை வழித்துப் போட்டுவிட்டு, பாத்திரங்களை அங்கே சேர்த்துவிட்டால் இரண்டு நோக்கங்களும் நிறைவேறுகின்றன. பின்கட்டு இல்லாத அடுக்குமாடி வீட்டில் இது கடினம். அங்கே வேலை செய்பவரின் நேரத்தை மாற்றிக் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

சிங்க்கைத் துலக்கும் விதத்தையும் அப்படியே ஏற்க முடியாது. தொட்டி நிறைய வெந்நீர் விட்டு, பிளீச் ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவைக்கச் சொல்கிறார்கள். குழாய்த் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கும் தெருவில் ஒரு தொட்டித் தண்ணீரை இப்படி வடித்துக் கொட்ட மனம் வராது. தவிர, போர்த் தண்ணீர் புழங்கும் வீட்டில் சிங்க்கின் மேல் படிவது அழுக்கைக் காட்டிலும் உப்புதான். சுண்ணாம்புத் தன்மையுள்ள அந்த வெள்ளைப் படிவத்தைப் பிளீச் கரைக்காது, புளிப்புதான் கரைக்கும். பிழிந்து மீந்த எலுமிச்சை மூடியோ ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கையோ போதும். தேய்த்துச் சற்று நேரம் விட்டுக் கழுவினால் எவர்சில்வர் மின்னுகிறது. பிளீச்சிங் பவுடரை எவர்சில்வரில் நெடுநேரம் ஊறவிட்டால் சிறு சிறு புள்ளிகளாக அரித்துவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நன்றாகப் போகுமே என்று யாரும் முயல வேண்டாம். பிளீச்சும் புளிப்பும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த சமையலறையில் அது ஆபத்தானது.

எழுந்தவுடன் காலில் நாடா கட்டிய ஷூ வரை உடுத்திக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும் என்ற படியைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்குள் செருப்பே போடாதவர்களுக்கு ஷூ எதற்கு? ஆயினும் அதன் காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. வேலைக்குப் போகும் ஆளைப் போல் உடுத்தினால் உடம்பும் வேலைக்குத் தயாராகிறது. குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைய வேண்டும் என்று மாமியார் காலத்துப் பெண்கள் வைத்திருந்த கட்டுப்பாடு இதே பயனைத் தந்திருக்கிறது. பதினொரு மணிவரை நைட்டியில் இருக்கும் நாளில் வீட்டில் ஒரு மூலையும் நகர்வதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த முறையின் உயிர்நாடி 15 நிமிடக் கணக்குதான். கடிகாரத்தில் மணி வைத்துவிட்டு, அது அடிக்கும்வரை ஒரே இடத்தில் வேலை செய்து, அடித்ததும் விட்டுவிட வேண்டும். தொடங்குவதைவிட விடுவதுதான் இதில் அருமையான பகுதி என்பேன். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்திலும் போகிக்கு முன்பும் ஒரே மூச்சாக வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, பாதியில் களைத்து, வெளியே எடுத்த அனைத்தையும் எடுத்த இடத்திலேயே திணித்து மூடும் பழக்கம் நமக்கு உண்டு. 15 நிமிடத்துக்கு மேல் கூடாது என்றால் ஒரு முழு பீரோவை யாரும் கவிழ்க்க மாட்டார்கள். ஒரு தட்டைத்தான் எடுப்பார்கள். அது முடிந்துவிடும். தனியாக டைமர் வாங்கத் தேவையில்லை. கைப்பேசி போதும், கிரைண்டரில் உளுந்து அரையும் நேரமும் போதும்.

வீட்டை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, மாதத்தின் ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியில் மட்டும் கவனம் செலுத்தச் சொல்கிறது இந்த முறை. முதலாவது வாசலும் சாப்பாட்டு அறையும்; இரண்டாவது சமையலறை; மூன்றாவது குளியலறையும் கூடுதலாக உள்ள ஓர் அறையும்; நான்காவது படுக்கையறை; ஐந்தாவது கூடம். மாதம் வாரத்தின் நடுவில் பிறப்பதால் முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் சில நாட்களே கிடைக்கும். நமக்கு இது நல்லதாகவே அமைகிறது. தினமும் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடும் வாசலுக்கு ஒரு முழு வாரம் எதற்கு? மிச்சமாகும் நாட்களைச் சமையலறைக்குக் கொடுத்துவிடலாம். அஞ்சறைப் பெட்டி தொடங்கி அரிசி டிரம் வரை அங்கே உள்ளவற்றுக்கு ஒரு வாரம் போதவே போதாது. அடுப்புக்கு மேலுள்ள தட்டு ஒன்றில் மட்டும் மூடியில்லாத டப்பாக்களும் டப்பா இல்லாத மூடிகளும் தனித்தனியே ஒரு கூட்டமாக இருந்தன. ஆம்பூர் பிரியாணி பார்சல் வந்த பிளாஸ்டிக் கிண்ணங்களைக் கழுவிக் கழுவி அடுக்கி வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் மட்டும் இருக்க முடியாது.

மூன்றாம் பகுதியில் சொல்லப்படும் கூடுதல் அறையைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். பயன்படாத படுக்கை விரிப்புகளையும் தலையணைகளையும் கழிக்கச் சொல்வது மற்ற ஊர்களுக்குச் சரி. ஆனால் இந்த ஊரில் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்தோ சித்தூரிலிருந்தோ ஓர் உறவினர் வைத்தியத்துக்கென்று வந்தால், கூட வரும் இருவரும் நம் வீட்டில்தான் தங்குவார்கள். இரண்டு நாள் என்று சொல்லி வந்தது பத்து நாளாகவும் ஆகும். ஆகவே பாய்களும் போர்வைகளும் தலையணைகளும் ஆண்டில் பத்து மாதம் சும்மா கிடந்தாலும் அவை வேண்டாத சாமான்கள் ஆகிவிடா. அவற்றை ஒரே இடத்தில், துவைத்த நிலையில், உடனே எடுக்கும்படி வைப்பதுதான் அங்கே செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் டிரம்களுக்கும் குடங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். பாலாற்றில் வெள்ளம் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஊரில் தண்ணீர்ப் பாத்திரத்தைக் குறைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

சாமான்கள் தாமாக வந்து குவியும் இடங்களைத் தினமும் இரண்டு நிமிடம் மட்டும் காலி செய்யச் சொல்லும் படி எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் வீட்டில் அந்த இடம் பிரிட்ஜின் தலை. ரேஷன் ஸ்மார்ட் கார்டு, எண்ணெய்க் கறை படிந்த பழைய மின் கட்டண அட்டை, மருந்துச் சீட்டு, ரப்பர் பேண்டு, கல்யாணப் பத்திரிகை, கோயிலிலிருந்து வந்த விபூதிப் பொட்டலங்கள். இவற்றில் விபூதி, குங்குமப் பொட்டலங்களுக்கு எந்த வெளிநாட்டு முறையிலும் விடை கிடையாது. குப்பையில் போடவும் மனம் வராது. விபூதியைப் பூஜை அறைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, பழையதை மாதம் ஒருமுறை செடியின் அடியில் சேர்த்துவிடுகிறோம். நேரத்தைப் பொறுத்தவரை, படுக்கைக்கு முன் என்று அவர்கள் சொல்வதை விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் என்று மாற்றிக்கொண்டேன். அந்தி வேளைக்குள் வீட்டைப் பெருக்கிவிட வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள பழக்கம் என்பதால், புதிய வேலை அதனுடன் ஒட்டிக்கொண்டு மறவாமல் நடக்கிறது.

இனி 27 பொருட்களுக்கு வருகிறேன். கையில் ஒரு பையுடன் வீட்டைச் சுற்றி வந்து, வேண்டாத 27 பொருட்களை விரைந்து எடுத்துப் போட்டு, பையைக் கட்டி வெளியேற்ற வேண்டும் என்பது இந்த முறையில் பெயர்பெற்ற ஒரு பயிற்சி. நமக்கு 27 என்றால் நட்சத்திரக் கணக்கு. எண்ணுவதற்கு எளிதாகவே உள்ளது. எடுப்பதிலும் சிரமமில்லை. தாம்பூலப் பைகள், ஜவுளிக் கடைக் கட்டைப்பைகள், கழுவிக் காய வைத்த பால் கவர்கள் என்று கை வைத்த இடமெல்லாம் கிடைக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது என்றாலும், அதற்கு முன்பு சேர்த்தவை பீரோ இடுக்குகளில் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. நம் வீட்டில் எதுவும் ஒரே குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. செய்தித்தாளும் பால் கவரும் பழைய பேப்பர் கடைக்கு, ஓட்டை விழுந்த எவர்சில்வர் பாத்திரம் எடைக்கு எடை மாற்றுவதற்காகப் பாத்திரக் கடைக்கு, நைந்த புடவை பிளாஸ்டிக் சாமானுக்குத் துணி எடுக்க வரும் பெண்ணுக்கு, நல்ல நிலையில் உள்ளவை வேலைக்கு வரும் அம்மாவுக்கு, எஞ்சியவை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து மாநகராட்சி வண்டிக்கு. ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்பவர் வேறு வேறு நாளில் வருகிறார். சிலரிடம் நாம் போக வேண்டும். எனவே 15 நிமிடத்தில் நிரம்பிய பை வராந்தாவில் வாரக்கணக்கில் நிற்கிறது. நிற்கும் பையை வீட்டில் யாராவது திறந்து பார்ப்பார்கள். “இது இருக்கட்டும்மா, கொலுவுக்குப் படி கட்ட ஆகும்” என்று என் மாமியார் ஒரு பலகையை மீட்டெடுத்துக்கொண்டு போனார். உண்மையில் அது கொலுவுக்கு ஆகவும் செய்தது. மற்றவருடைய பொருளில் கை வைக்கக் கூடாது என்று இந்த முறையே சொல்கிறது. ஆனால் யாருடையது என்று பிரிக்க முடியாத பித்தளை அண்டாவும், மூன்று கல்யாணங்களில் மொய்யாக வந்த எவர்சில்வர் குத்துவிளக்குகளும் நிறைந்த கூட்டுக் குடும்பத்தில் அந்த விதியை எப்படிப் பொருத்துவது?

நாங்கள் கண்ட ஏற்பாடு இது. மாடிப்படிக்குக் கீழே நான்கு கட்டைப்பைகளை ஆணியில் மாட்டி, பேப்பர் கடை, பாத்திரக் கடை, துணி, கொடுப்பவை என்று ஒதுக்கியுள்ளோம். தினமும் 27 என்றில்லாமல், கைக்கு வந்ததை உரிய பையில் போடுகிறோம். பேப்பர் கடைக்காரர் தெருவில் குரல் கொடுக்கும் காலையில் அந்தப் பை எந்த நிலையில் இருந்தாலும் போய்விட வேண்டும். நிரம்பட்டும் என்று காத்திருக்கக் கூடாது. லாங்கு பஜார் பக்கம் போகிறவர் பாத்திரப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அண்டா, குத்துவிளக்கு போன்ற பொதுச் சொத்துகளை மாமியாரின் சொல்லுக்கு விட்டுவிட்டோம். அவரே சென்ற தை மாதம் இரண்டு குத்துவிளக்குகளை ஒரு கல்யாண வீட்டுக்கு மொய்யாகக் கொடுத்தார்.

வாரம் ஒருமுறை சுமார் ஒரு மணி நேரத்தில் பத்துப் பத்து நிமிடமாக ஏழு வேலைகளை முடிக்கும் பகுதி நமக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பெருக்குவதும் துடைப்பதும் குப்பை கொட்டுவதும் இங்கே அன்றாட வேலைகள். படுக்கை விரிப்பு மாற்றுவதும் கண்ணாடி துடைப்பதும் மட்டுமே அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை. அவர்கள் விற்கும் துடைப்பான், நாட்காட்டி முதலியவற்றை வாங்கவும் அவசியமில்லை. சாமான் குறையும் முன் அடுக்கி வைக்கும் பெட்டிகளை வாங்காமல் இருந்தாலே கணிசமான பணம் மிஞ்சும்.

தொடங்க நினைப்பவர்கள் பரணை மட்டும் முதலில் தொட வேண்டாம். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், மேல்தளத்துக்கு ஓரடி கீழே 15 நிமிடம் நிற்பதே பெரும்பாடு. அந்த மாதங்களில் பிரிட்ஜின் தலையையும் சமையலறைத் தட்டுகளையும் பார்த்துக்கொண்டு, பரணை மார்கழியில் நாளுக்கு ஒரு மூட்டையாக இறக்கினால், போகிக்குள் பழைய பேப்பர்க்காரருக்கும் பாத்திரக் கடைக்கும் போக வேண்டியவை போய்விடும். அன்று காலையில் தெருவில் வைத்துக் கொளுத்த டயரோ பிளாஸ்டிக்கோ கையில் இராது.