கேப் டவுன் வீக்கெண்ட் பேக்கேஜ்: ‘காத்து’ன்னு சொன்னா கவுண்டர்ல போய்க் கேளுங்க

டிசம்பர் லீவு நெருங்குகிறது. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் “கேப் பெனின்சுலா வீக்கெண்ட், எல்லாம் சேர்த்து ஒரே ரேட்” என்று பென்குயின் படம் போட்ட விளம்பரம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. பெயர் வேறு, நம்பர் வேறு. படமும் அதன் கீழே உள்ள எழுத்துப்பிழையும் மட்டும் அப்படியே இருக்கின்றன. செப்டம்பரில் எங்களைக் கூட்டிப்போன அதே பார்ட்டிதான் என்று நினைக்கிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பணம் அனுப்பும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். டர்பன் கடற்கரை அவர்களுக்குப் பெரிய அதிசயமாகப் படவில்லை. அத்தானுக்குக் கேப் பாயிண்ட் பார்க்க வேண்டும் என்று ஆசை. செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்தை ஒட்டி லீவு கிடைத்தது. அவர்கள் இருவர், நான், கணவர், பையன், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து என் மாமியார் என ஆறு பேர். விமான டிக்கெட்டை நாங்களே போட்டுவிட்டோம். சைமன்ஸ் டவுனில் கடலைப் பார்த்த வீடு, கோம்பி (மினிபஸ்), கைடு வேலையும் பார்க்கும் டிரைவர், ஹௌட் பேயில் சீல் (கடல்நாய்) பார்க்கப் படகு, சாப்மன்ஸ் பீக் சாலை, கேப் பாயிண்ட், பென்குயின் என்று எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,500 ரேண்ட் பேசினார்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டும் தனி. பாதிப் பணம் வங்கி வழியாக முன்கூட்டியே, மீதி ரொக்கமாக நேரில்.

அந்த மீதியை எங்கே வாங்கினார்கள் தெரியுமா? கேப் டவுன் விமான நிலைய பார்க்கிங்கில், பெட்டியைக் கோம்பியில் ஏற்றுவதற்கு முன்னாடி. இரவு மணி ஒன்பது, மாமியாருக்குக் கால் வலி, பையன் தூங்கி வழிகிறான். அந்த நேரத்தில் யார் நின்று சண்டை போடுவது? எண்ணிக் கொடுத்தார் என் கணவர். ரசீது கேட்டதற்கு, “ஆஃபீஸ்லேர்ந்து வாட்ஸ்அப்ல வரும்” என்றார் டிரைவர். இன்றுவரை வரவில்லை.

வீடு சைமன்ஸ் டவுனில் இல்லை. வழியிலேயே பிளம்ஸ்டெட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். பிளம்ஸ்டெட் நல்ல ஏரியாதான், ஆனால் அங்கிருந்து சைமன்ஸ் டவுன் போக இன்னும் அரை மணி நேரம் ஆகும். காலையில் அக்கா ஆசையாகத் திரைச்சீலையை விலக்கினாள். எதிரே பக்கத்து வீட்டு மதில், மதிலுக்கு மேல் மின்வேலி, அதற்கும் மேலே ரயில் கம்பி. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்கவே போனில் மேப் போட வேண்டியிருந்தது. டிரைவரின் முதலாளிக்குப் போன் போட்டால், “சைமன்ஸ் டவுன்ல இப்போ காத்து ஜாஸ்தி மேடம். பெரியவங்க இருக்காங்கன்னுதான் மாத்திக் கொடுத்தோம்” என்கிறார். பெரியவர்கள் வருகிறார்கள் என்று நாங்கள் அவரிடம் சொன்னதே கிடையாது.

இந்தக் காற்றுப் புராணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மோசடியே அதில்தான் நிற்கிறது. கேப் பெனின்சுலா, அதாவது கேப் தீபகற்பம் என்பது வடக்கே டேபிள் மவுண்டனில் தொடங்கித் தெற்கே கேப் பாயிண்ட் வரை நீளும் மலை முதுகு. மேற்கே அட்லாண்டிக், கிழக்கே ஃபால்ஸ் பே என்ற விரிகுடா. கோடையில் தென்கிழக்குக் காற்று நாள்கணக்கில் அடிக்கும், ‘கேப் டாக்டர்’ என்பது அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர். பலத்த காற்றில் டேபிள் மவுண்டன் கேபிள் காரை நிறுத்திவிடுவதும் உண்மை, படகுகள் போகாமல் இருப்பதும் உண்மை. ஆனால் நடுவில் மலை இருப்பதால் ஒரு பக்கம் ஆளைத் தள்ளும் நேரத்தில் இன்னொரு பக்கம் இலைகூட அசையாமல் இருக்கும். வெளியூர்க்காரருக்கு இது தெரியாது. அதனால் எதைச் செய்யாமல் விட்டாலும் ‘காத்து’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நாமே தலையாட்டிவிடுவோம்.

ஹௌட் பே துறைமுகத்திலும் அதைத்தான் சொன்னார்கள். வண்டியை நிறுத்தி, இறங்கிப் போன் பேசிவிட்டு வந்து, “இன்னைக்கு போட் கேன்சல். காத்து” என்றார் டிரைவர். அத்தான் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கண்ணாடியை இறக்கிக் கடலைப் பார்த்தார். கொடிக்கம்பத்தில் கொடி சோம்பலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு படகு ஆட்களோடு வெளியே போய்க்கொண்டிருந்தது, இன்னொன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒன்றும் பேசாமல் இறங்கி நேராக டிக்கெட் கவுண்டருக்கு நடந்தார். பின்னாலேயே நானும் ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் என் கணவர் பெயர், கம்பெனி பெயர், டிரைவர் பெயர் எல்லாம் போட்டுத் தேடினாள். எந்தப் பெயரிலும் பதிவு இல்லை. ரத்தான பதிவும் இல்லை, பதிவே செய்யவில்லை. அடுத்த படகில் இடம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்து ஏறினோம். டைக்கர் தீவு என்கிற அந்தப் பாறையில் சீல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வாடை மட்டும் கொஞ்சம் தூக்கல். பையனுக்கு அதுவே பெரிய வேடிக்கை. படகில் அத்தான் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “காத்தடிச்சா நாங்களும்தான் படகை எடுக்க மாட்டோம். ஆனா வாங்குன காசை வச்சுக்கிட மாட்டோம்.”

திரும்பி வந்து கேட்டதற்கு முதலாளி, “ஆஃபீஸ்ல ஏதோ தப்பாயிருக்கு, திங்கட்கிழமை ரீஃபண்ட்” என்றார்.

அடுத்து சாப்மன்ஸ் பீக். ஹௌட் பேயிலிருந்து நூர்ட்ஹூக் வரை மலையைக் குடைந்து கடலுக்கு மேலே போட்ட 9 கிலோமீட்டர் சாலை, 114 வளைவு, 1922-இல் திறந்தது. அத்தான் அதற்காகவே முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சாலை மூடியிருக்கிறது என்று சொல்லி டிரைவர் வண்டியைத் திருப்பினார். கல் சரிந்தாலோ கனமழை பெய்தாலோ அந்தச் சாலையை மூடுவது வழக்கம்தான். அதற்காகவே சாலையின் இரண்டு முனையிலும் திறப்பு, மூடல் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் ‘திறந்திருக்கிறது’ என்றுதான் இருந்தது. எங்கள் கண் முன்னாலேயே கூரையில் சர்ஃப் போர்டு கட்டிய கார்கள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. கேட்டால், “கோம்பிக்கு அனுமதி இல்லை, காத்து” என்றார். அது சுங்கச் சாலை, அவ்வளவுதான் விஷயம். சில்லறைச் சுங்கத்தை மிச்சம் பிடிக்க, வந்த வழியே கான்ஸ்டான்ஷியா நெக் திரும்பி, ஊ காப்ஸே வேக் மலைப்பாதை வழியாகச் சுற்றிக் கொண்டுபோனார். சுற்றியதில் செலவான டீசலைக் கணக்குப் போட்டால் சுங்கத்துக்கே சரியாகப் போயிருக்கும்!

கேப் பாயிண்ட் கேட்டில் நடந்ததைத்தான் எல்லோரும் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். காலையிலேயே டிரைவர், “இன்ஷூரன்ஸுக்கு வேணும்” என்று எங்கள் ஐ.டி. கார்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு வண்டியிலேயே நுழைவுக் கட்டணம் வசூலித்தார். பெரியவர்கள் எல்லோருக்கும் வெளிநாட்டுப் பயணி ரேட்தான். “ஏஜென்சி மூலமா போனா எல்லாருக்கும் ஒரே ரேட்” என்றார். தேசியப் பூங்கா கேட்டில் அப்படி ஒரு விதியே கிடையாது. தென்னாப்பிரிக்கக் குடிமக்களும் இங்கே நிரந்தரமாக வசிப்பவர்களும் ஐ.டி. காட்டினால் உள்ளூர்க் கட்டணம்தான். வெளிநாட்டுக்காரர் கட்டணம் அதைப் போலப் பல மடங்கு. என் கணவரும் மாமியாரும் இங்கேயே பிறந்தவர்கள், என்னிடமும் ஐ.டி. இருக்கிறது. அந்த ரேட் அக்காவுக்கும் அத்தானுக்கும் மட்டும்தான் பொருந்தும். கேட்டில் பணம் கட்டிவிட்டு டிரைவர் ரசீதை டேஷ்போர்டில் வீசினார். வளைவில் அது சரிந்து அத்தான் மடியில் விழுந்தது. அவர் பார்த்துவிட்டுப் பின்னால் நீட்டினார். உள்ளூர்ப் பெரியவர் மூன்று, உள்ளூர்ச் சிறுவர் ஒன்று, வெளிநாட்டுப் பெரியவர் இரண்டு. அதாவது எங்கள் ஐ.டி.யைக் காட்டிச் சலுகை ரேட்டில் நுழைந்துவிட்டு, எங்களிடமே முழு ரேட் வாங்கி வித்தியாசத்தைப் பையில் போட்டிருக்கிறார். அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டேன். இப்போது எங்கள் புகாரில் உருப்படியான சாட்சி என்றால் அந்தச் சின்னத் தாள்தான்.

இடம் என்னவோ அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன். மேலே இருக்கும் பழைய கலங்கரை விளக்கத்தை ரொம்ப உயரத்தில் கட்டிவிட்டதால் மேகம் அடிக்கடி மறைத்துவிடுமாம். 1911-இல் லூசிடானியா என்ற போர்ச்சுகீசியக் கப்பல் கீழே பாறையில் மோதிய பிறகுதான், கடல் மட்டத்திலிருந்து 87 மீட்டரில் புது விளக்கு கட்டினார்கள். இதை அங்கிருந்த பலகையைப் படித்துத் தெரிந்துகொண்டோம். எங்கள் கைடு சொன்ன ஒரே தகவல், “இங்கதான் ரெண்டு சமுத்திரமும் சேருது, போட்டோ எடுத்துக்கோங்க” என்பது. அதுவும் தப்பு. அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் என்ற இரண்டு சமுத்திரங்களின் எல்லை கேப் அகுல்ஹாஸ். ஆப்பிரிக்காவின் தென்கோடியும் அதுதான், இங்கிருந்து தென்கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறது.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்க்கிங்கிலேயே பிரிக்கச் சொன்னதும் அவரேதான். பபூன் குரங்குகள் சுற்றும் இடம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் டர்பனிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டி ரோலை ஒரு பெரிய ஆண் பபூன் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு, பக்கத்துக் கார் மேல் உட்கார்ந்து நிதானமாகத் தின்றது. அவர் பயந்து போய்விட்டார். இப்போது சிரிக்கிறார், அன்றைக்கு சிரிக்கவில்லை.

சைமன்ஸ் டவுனில் மாமியாருக்கு இறங்கிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. 1967-இல் நிறவெறி அரசு அதை வெள்ளையருக்கான பகுதி என்று அறிவித்து, வெள்ளையர் அல்லாத ஊர்க்காரர்களை வெளியேற்றியது. அந்தக் குடும்பங்களின் நினைவாக அங்கே ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது. மாமியார் குடும்பமே இதே மாதிரி டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்டது என்பதால் அவருக்கு அது வேறு மாதிரி விஷயம். “டைம் இல்லை” என்று டிரைவர் நிறுத்தவே இல்லை. பென்குயினுக்கும் அதே கதி. போல்டர்ஸ் கடற்கரைக்கும் கட்டணம் வாங்கியிருந்தார். ஆனால் கேட்டுக்குள் போகாமல், வெளியே புதர் ஓரமாகப் போகும் இலவச மரப்பாதையில் நடத்திக்காட்டிவிட்டு முடித்துக்கொண்டார். அதிலும் சில பென்குயின்கள் தெரியும், பொய் சொல்லக் கூடாது. மணலில் கூட்டமாக நிற்பதைப் பார்க்கக் கட்டணப் பாதைக்குள் போயாக வேண்டும். இந்தத் தடவை நாங்களே கேட்டுக்குப் போய், ஐ.டி.யைத் திரும்ப வாங்கிக் காட்டி, உள்ளூர் ரேட்டில் நுழைந்தோம். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை ரீஃபண்ட் வரவில்லை. அந்த வாரமே எங்கள் நம்பர்களை பிளாக் செய்துவிட்டார்கள். வங்கியில் கேட்டதற்கு, நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம், திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவதற்குக் கேட்க வழி உண்டு. ‘கார்டு வாங்க மாட்டோம், டிரான்ஸ்ஃபர் மட்டும்தான்’ என்று சொல்கிறவர் அதைத் தெரிந்துதான் சொல்கிறார்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவுப்படி, பேசிய தரத்தில் சேவை தராவிட்டால் குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், அல்லது நியாயமான ஒரு பங்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 17-ஆம் பிரிவுப்படி முன்பதிவை ரத்து செய்யும் உரிமையும் உண்டு, அவர்கள் நியாயமான ரத்துக் கட்டணம்தான் பிடிக்கலாம். அதனால் ‘டெபாசிட் எக்காரணம் கொண்டும் திரும்பாது’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்து பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். கைடு விஷயம் தனி. இந்த நாட்டில் சுற்றுலா கைடு வேலைக்குப் பதிவு கட்டாயம், அடையாள அட்டையும் பேட்ஜும் இருக்க வேண்டும். பயணிகளை ஏற்றும் டிரைவரிடம் அதற்கான தொழில்முறை ஓட்டுநர் பெர்மிட் இருக்க வேண்டும். எங்கள் ஆள் கழுத்தில் தொங்கியது ஏதோ ஜிம் கார்டு! கைடு பதிவு நம்பரையும் பெர்மிட்டின் போட்டோவையும் டெபாசிட்டுக்கு முன்பே கேளுங்கள். முறையாகத் தொழில் செய்கிறவர் அடுத்த நிமிடமே அனுப்பிவிடுவார். படகு, தங்கும் வீடு இரண்டுக்கும் உங்கள் பெயரில் உள்ள புக்கிங் நம்பரை வாங்கி, அந்தந்த இடத்துக்கே போன் போட்டு உறுதி செய்யுங்கள். ஐ.டி.யை யார் கையிலும் கொடுக்காதீர்கள், கேட்டில் நீங்களே காட்டுங்கள்.

மேற்கு கேப் மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும், மாகாண கைடு பதிவாளரிடமும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். வாட்ஸ்அப் உரையாடல், வங்கி ரசீது, கேப் பாயிண்ட் கேட் ரசீது மூன்றையும் இணைத்தாயிற்று. இதே பென்குயின் விளம்பரத்தை நம்பிப் போன வேறு குடும்பங்களும் டர்பனிலும் ஜொகன்னஸ்பர்க்கிலும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். நீங்களும் அதில் ஒருவர் என்றால் அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருந்து எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், எங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.