மீன் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்: மெட்ரோவா, போரா, ஆர்ஓவா?

சென்னை வீடுகளில் இந்த மூன்றும் கிடைக்கும். மனிதர்களுக்குச் சுத்தமான ஆர்ஓதான் மீனுக்கும் நல்லது என்று நினைத்துத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மெட்ரோ வாட்டரில் முக்கியச் சிக்கல் குளோரின். நமக்கு ஒன்றும் செய்யாத அளவுகூட மீனின் செவுளைப் புண்ணாக்கும். வாய் அகன்ற வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் (பம்பிலிருந்து காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் விட்டால் போய்விடும். ஏர் இல்லாவிட்டால் 48. மூடிய டிரம்மில் வைத்துப் பயனில்லை. அவசரத்துக்கு ஆன்டி குளோரின். அந்தச் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பது சோடியம் தயோசல்பேட்தான். படிகமாக வாங்கினால் மலிவு. 10 கிராம் எடுத்து, கரைசல் மொத்தம் 100 மில்லி வருமாறு கரைத்து, 10 லிட்டருக்கு 1 மில்லி விடவும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினை அது முறிக்கும். வாளியிலேயே கலக்க வேண்டும், தொட்டியில் அல்ல. சந்தேகமிருந்தால் குளோரினைச் சோதிக்கும் ஓடிஓ சொட்டு விட்டுப் பாருங்கள்: மஞ்சளானால் குளோரின் இருக்கிறது. கரைந்த உப்புகளின் அளவைச் சொல்லும் டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது.

போர் தண்ணீரில் குளோரின் இல்லையே என்று நேராக ஊற்றாதீர்கள். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒரு நாள் ஏர் கொடுத்தால் சரியாகும், பிஎச்சும் (அமில, கார அளவு) நிலைக்கும். செம்பழுப்புக் கசடு படிந்தால் அது இரும்பு. தெளிந்த மேல்நீரை மட்டும் எடுங்கள். கடினத்தன்மை இதனாலெல்லாம் போகாது. மோலிக்கும் கப்பிக்கும் அது பிடிக்கும், நியான் டெட்ராவுக்கும் டிஸ்கஸுக்கும் ஆகாது.

ஆர்ஓவில் தாது உப்புகள் மட்டுமல்ல, அமிலத்தைத் தாங்கும் கார்பனேட்டும் ஏறக்குறைய இல்லை. கழிவு சேரச் சேர பிஎச் திடீரென்று சரியும். ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவும் மந்தமாகும். பெரும்பாலான கேன் தண்ணீரும் இதே ரகம். ஆகவே ஆர்ஓவைக் கலப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போர் டிடிஎஸ் 1200, ஆர்ஓ 50 என்றால், 2 லிட்டர் போருடன் 8 லிட்டர் ஆர்ஓ சேர்க்க 280 வரும். நியான் டெட்ராவுக்கு ஆர்ஓவை இன்னும் கூட்டலாம்.

தங்கமீன், கப்பி, மோலி வளர்ப்பவர்களுக்கு என் தேர்வு, குளோரின் போக விட்டுவைத்த மெட்ரோ வாட்டர். ஒரு தண்ணீரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைவிட ஒன்றிலேயே நிற்பது மீனுக்கு நல்லது. வாரம் கால்வாசி மாற்றினால் போதும், வெப்ப வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருக்கட்டும். மே மாத மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீரை நேராகப் பிடிக்க வேண்டாம். சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள். அந்த அளவு குளோரினுக்கு மேலே சொன்ன 1 மில்லி போதாது.